பெண் கேட்கும் பெயர்

அக்காவுக்குப் பரிசம் போட்ட அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் தட்டுத் தட்டாக வெற்றிலையும் பாக்கும் அடுக்கியிருந்ததை, வேலிக்கு அப்பால் நின்று பார்த்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், என் அம்மாவிடம் ஒற்றைச் சொல்லில் கேட்டார்: "மெமினாங்?" அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "யா, மாக்சிக், மாசுக்லா" என்று அவரை உள்ளே அழைத்தார். அப்போது எனக்குப் பத்து வயது. அக்காவைவிட, அவளுக்கு வரப்போகும் மாப்பிள்ளையைவிட, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் அதற்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் தோற்றம் பிழையென்று எனக்குப் படவில்லை. சொல்லின்மேல் காதல்கொண்ட உங்களைப் போன்றவர்களிடம் அதை ஒருமுறை அவிழ்த்துக் காட்டிவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆசை.

புலாவ் என்றால் தீவு. பினாங் என்றால் கமுகு, அதன் காயான பாக்கும் அதுவே. புலாவ் பினாங், பாக்குத் தீவு. இவ்வளவை எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மலாய்மொழி ஒரு பெயரை எடுத்து அதன் முன்னே 'மெ' என்னும் ஒட்டைப் பொருத்தி வினையாக்கும். அப்படிப் பொருத்தும்போது பெயரின் முதலில் நிற்கும் வல்லினம் தன் இனமான மெல்லினத்துக்கு இடம்விட்டு விலகும். இதழ் பொருந்திப் பிறக்கும் பகரம், அதே இதழ் பொருந்திப் பிறக்கும் மகரத்துக்கு வழிவிட, மெ என்பதும் பினாங் என்பதும் சேர்ந்து மெமினாங் ஆகிறது. வல்லினமும் மெல்லினமும் இனம் என்று படித்து வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது அயலாகவே இராது. சொல்லுக்கு நேர்பொருள் பார்த்தால் 'பாக்கு இடுதல்' என்றோ 'பாக்குதல்' என்றோ விளையாட்டாகச் சொல்லலாம். வழக்கில் அதன் பொருள், பெண் கேட்டல். கேட்டு வைத்த அந்த உறவுப்பேச்சு பினாஙான். அரிச்சுவடியில் வரிசை நிரப்புவதற்காக மட்டுமே எழுதிப் பழகிய ஙா என்னும் எழுத்துக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி.

பெண் வீட்டுக்குப் போகுமுன் அவள் யார், எவருக்காவது பேசி வைத்தவளா என்று மெல்ல விசாரித்து வருவது மெரிசிக். அதன்பிறகே மெமினாங். போகும்போது முன்னால் செல்வது தெப்பாக் சீரே என்னும் வெற்றிலைச் செப்பு. அதனுள்ளே சிறு சிறு கிண்ணங்களில் பாக்கு, சுண்ணாம்பு, காம்பீர், புகையிலை. இன்று அச்செப்பைத் திறந்து யாரும் மெல்லுவதில்லை. ஆனாலும் செப்பு இல்லாமல் பேச்சுத் தொடங்குவதில்லை. நம் வீட்டிலும் அதே கதைதான். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றால் முடிந்தது, அதற்கு மேல் பத்திரமும் கையெழுத்தும் வேண்டாம். பாக்கு வைத்து அழைத்தார்கள் என்றால் மதித்து அழைத்தார்கள் என்று பொருள். தமிழில் பாக்கு பெயராகவே நின்று, வைத்தல், மாற்றுதல் என்னும் வினைகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. மலாயில் அதுவே வினையாகிவிட்டது.

ஒரு பாக்கை நடுவில் வெட்டிப் பாருங்கள். வெண்மையும் பழுப்புமாக ஓடும் நரம்பு வரிகள் இரு பாதியிலும் ஒன்றுக்கொன்று எதிரொலிபோல் அமைந்திருக்கும். பொருத்தமான இணையைக் கண்டால் மலாய்க்காரர்கள் 'பகாய் பினாங் டிபெலா டுவா' என்பார்கள்: இரண்டாகப் பிளந்த பாக்குப் போல. இன்னொரு வழக்கும் உண்டு. வெற்றிலை தன் கொடிக்குத் திரும்பியது, பாக்கு தன் காம்புக்குத் திரும்பியது என்பது அது. சேர வேண்டியது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்று பொருள். பறித்த காய் காம்புக்குத் திரும்பாது என்று அறிவியல் படித்தவர் சொல்லலாம். காதல் அறிந்தவர் சொல்ல மாட்டார்.

இனி இந்தப் பெயர் எத்தனை வாய்களில் புகுந்து வந்தது என்று பார்ப்போம். மிங் காலத்துச் சீனக் கடலோடிகளின் வரைபடங்களிலேயே, அட்மிரல் செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடையவையாகச் சொல்லப்படும் அப்படங்களிலேயே, இத்தீவு பின்லாங் யூ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. யூ என்றால் சிறு தீவு. பின்லாங் என்பது மலாயின் பினாங்கைச் சீன நாவு திருப்பிச் சொன்ன ஒலி. ஆனால் சீனம் ஓசையை மட்டும் வாங்கி அமைதியடையும் மொழியன்று. எழுத்தெல்லாம் பொருள் சுமப்பதால், இரவல் சொல்லிலும் ஒரு பொருளைத் தேடும். 1596இல் அச்சேறிய பெரும் மருத்துவ நூலின் ஆசிரியர் லீ ஷிச்சென், பின் என்பதும் லாங் என்பதும் மதிப்புக்குரிய விருந்தினரைக் குறிக்கும் சொற்கள் என்று விளக்கம் தந்தார். வேர் அதுவல்ல, வேர் மலாயில் இருக்கிறது. ஆனாலும் விருந்தினருக்கு முதலில் நீட்டும் பொருளின் பெயருக்குள் விருந்தினரையே கண்டெடுத்தது அழகான பிழை. இத்தகைய பிழைகளை நான் மன்னித்துவிடுவேன்.

பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காக உரிமை கொண்டாடிக் கொடியேற்றியபோது, மறுநாள் இளவரசரின் பிறந்தநாள் என்பதால், 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயர் சூட்டினார். நகரத்துக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர். நகரத்தின் பெயர் நின்றுவிட்டது. 2008இல் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டதும் ஜார்ஜ் டவுன் என்ற பெயரில்தான். தீவுக்கு வைத்த பெயர் ஆவணங்களில் நெடுங்காலம் வாழ்ந்தும் ஒருவர் வாயிலும் வாழவில்லை. மாநிலக் கொடியைப் பாருங்கள்: வெளிர்நீலம், வெண்மை, மஞ்சள் என்னும் மூன்று பட்டைகளின் நடுவே ஒரு மேட்டின்மீது நிற்பது கமுகு மரம்.

தமிழ் வாய்க்கு இப்பெயர் வந்தபோது நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பினாங் என்று ஙகர மெய்யில் முடியும் சொல்லைத் தமிழ் ஏற்காது. மொழிக்கு இறுதியில் நிற்கத்தக்க மெய்கள் இவை என்று தொல்காப்பியர் எண்ணிய பதினொன்றில் ஙகரம் இல்லை. ஙகரம் தனித்து நிற்கக் கூச்சப்படும் எழுத்து. தன் இனமான ககரத்தின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தங்கம், மாங்காய், பங்கு என்று வெளியே வரும். ஆகவே நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் கப்பலேறி வந்த நம்மவர் அந்தக் கூச்சக்காரிக்குத் துணையாக ஒரு ககரத்தை வைத்து, அதன்மேல் குறுகிய உகரத்தைப் போர்த்தினார்கள். பினாங்கு. எந்த இலக்கண ஆசிரியரும் துறைமுகத்தில் நின்று திருத்தவில்லை. மூட்டை தூக்கியவரும் துணி விற்றவரும் தாமாகவே செய்த புணர்ச்சி அது. அதோடு, மலாயில் குறுகி ஒலிக்கும் நடுவெழுத்தை நாம் நீட்டி னா என்று ஆக்கிக்கொண்டதும் நல்லதாயிற்று. குறிலாகவே விட்டிருந்தால் பினங்கு என்று நின்று, ஊடல்கொண்டு முகம் திருப்பும் 'பிணங்கு' என்ற வினையோடு ஒலியால் உரசியிருக்கும். பெண் கேட்கும் ஊர் பெண் பிணங்கும் ஊராகியிருக்கும். ஊடலும் காதலில் ஒரு பகுதிதானே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் ஊர்ப் பெயராக அதை வைத்துக்கொண்டு வாழ முடியாது.

பாக்குக்கு உலகம் வழங்கும் பெயர் நம்முடையது என்று சொன்னால் பினாங்கில் பலர் வியக்கிறார்கள். லின்னேயசு 1753இல் இம்மரத்துக்கு வைத்த இலத்தீன் பெயரின் முதற்பகுதி 'அரிக்கா'. அது போர்த்துக்கீசியர் வாயிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியருக்கு அது மலையாளக் கரையில் கிடைத்த 'அடைக்க' என்னும் சொல். அந்த அடைக்கவும் கன்னடத்து அடிகெயும் நம் அடைக்காயின் உடன்பிறப்புகள். அடை என்பது நெருக்கம். குலையில் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருங்கியிருக்கும் காட்சியைக் கண்ட யாரோ அடைக்காய் என்றார். கால்டுவெல் கொடுத்த விளக்கமும் இதுதான். டகரம் ஐரோப்பிய நாவில் ரகரமாக உருண்டது. வெற்றிலைக்கும் அப்படியே. வெறு என்பதும் இலை என்பதும் சேர்ந்து வெற்றிலை. பூ, காய், கனி என்று வேறு எதையும் கேட்காமல் வெறும் இலையாகவே விரும்பப்படும் இலை. அதன் மலையாள வடிவம் போர்த்துக்கீசியர் வழியே 'பெட்டெல்' ஆகி உலகைச் சுற்றியது. தாம்பூலம் என்னும் வடசொல்லோ, தென்கிழக்காசிய மொழிகளில் மோன், கெமர் குடும்பத்து வெற்றிலைச் சொல்லிலிருந்து வடக்கே போனது என்று பிரெஞ்சு அறிஞர் சான் பிரிசிலுசுக்கி போன்றோர் கருதினர். அப்படியானால், இந்தப் பக்கத்துச் சொல் அங்கே போய் மந்திரமாக, அந்தப் பக்கத்துச் சொல் மேற்கே போய் வணிகமாயிற்று. யார் யாருக்குத் தட்டு மாற்றினார்கள் என்று சொல்வது கடினம்.

இந்த இடத்தில் பட்டினப்பாலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சோழநாட்டு வளத்தைச் சொல்லத் தொடங்கும்போது தென்னைக்கும் வாழைக்கும் அருகில் காய்த்த கமுகை நிறுத்துகிறார். அதே பாட்டில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் வந்து குவிந்த பொருள்களை எண்ணும்போது காழகத்திலிருந்து வந்த செல்வத்தையும் சேர்க்கிறார். காழகம் என்பது கடாரம் என்று உரையெழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. பினாங்குத் தீவு 1786வரை கெடா சுல்தானுக்குரியது. வானம் தெளிந்த காலைகளில் தீவின் வடகரையில் நின்றால் கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். பாக்கும் கடாரமும் ஒரே பாட்டுக்குள் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. இடையே இருப்பது வங்கக் கடல் மட்டும். அந்தப் பாட்டே, பெருஞ்செல்வத்துப் பட்டினம் கிடைப்பதானாலும் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்லும் ஒருவனின் கூற்று என்பதை மறந்துவிடக் கூடாது. கப்பலேறிப் பினாங்குக்கு வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் அவனுடைய பேச்சைக் கேட்கவில்லை.

அடைக்காய் என்னும் சொல் என்னை உலுக்கிய இடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரையில், மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணின் அடைக்கலத்தில், கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்கு இலையிட்டு அமுது படைக்கிறாள். அவன் உண்டு முடித்தபின் வெற்றிலைச் சுருளோடு அடைக்காயும் கொடுக்கிறாள். இளங்கோ அச்சுருளைத் திரையல் என்பார். அதை வாங்கிக்கொண்டவன் சற்று நேரத்தில் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான், திரும்பவில்லை. காப்பியம் முழுவதிலும் அவர்கள் இருவரும் கணவன் மனைவியாக வீட்டில் இருந்தது எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பாக்கின் எடை தெரியும்.

என் பாட்டிக்குச் சிலப்பதிகாரம் தெரியாது. ஆனால் பல்லெல்லாம் உதிர்ந்துபோன தாத்தாவுக்காக நாள்தோறும் மூன்றுவேளை வெற்றிலை இடித்துக் கொடுத்தார். இடிக்கும் அந்தச் சிறு பித்தளைக் குழலுக்கு அவர் வழங்கிய பெயர் கோபெக், மலாய்ச் சொல். "அந்தக் கோபெக்கை எடுடா" என்பார். கோபெக் இடிபடும் டொக் டொக் ஓசை நின்றால், தாத்தா ஏதோ ஒரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார் என்று நாங்கள் ஓடுவோம். 'ஒரு வெற்றிலை போடும் நேரம்' என்று தமிழில் காலத்தை அளப்பதுண்டு அல்லவா? அது எத்தனை நிமிடம் என்று யாரும் கணக்கிட்டதில்லை, கணக்கிட்டால் அந்த அளவைக்கு உயிர் போய்விடும். வாழ்க்கையை முழுதாக வாழ்வது எப்படி என்று இன்று தடித்தடியாக நூல்கள் வருகின்றன. நான் படித்தவரை அந்த அளவையைவிட நல்லது எதிலும் இல்லை. ஆனால் மெல்லச் சொல்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வேட்டில் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கை விடுங்கள், சொல்லை மெல்லுங்கள்.

ஜார்ஜ் டவுனுக்கு மலாய்க்காரர் வழங்கும் பழைய பெயர் இன்னொன்று உண்டு: தஞ்சோங். முனை என்று பொருள். முழுப்பெயர் தஞ்சோங் பெனாகா. லைட் வந்திறங்கியதும், பின்னர் கார்ன்வாலிஸ் கோட்டை எழுந்ததும் அம்முனையில்தான். பெனாகா என்பது அக்கரையில் வளர்ந்திருந்த ஒரு மரம். செடிநூலார் அதைக் கலோஃபில்லம் இனோஃபில்லம் என்பர். நம் மொழியில் அது புன்னை. படித்து அறிந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். புன்னைக்குப் புன்னாகம் என்றும் ஒரு வடசொல் உண்டு. பெனாகா அதன் வழிவந்ததாகலாம். ஓசை ஒத்தால் போதாது என்று எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொள்பவன். ஆயினும் இங்கே ஓசையோடு மரமும் ஒத்துப்போகிறது.

புன்னையை நெய்தலின் மரமாகக் கொண்ட நாம், நற்றிணையில் வரும் ஒரு பெண்ணை மறப்பதெப்படி? விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன விதை முளைத்து மரமாகிறது. தாயோ, இது உங்களுக்கு உடன்பிறந்தவள் முறை என்று சொல்லிவிடுகிறாள். இனி அந்தப் புன்னையின் நிழலில் காதலனோடு நின்று சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறதே என்கிறது பாட்டு. இப்போது இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முனைக்குப் பெயர் புன்னை. புன்னை நிழல் களவின் இடம். தீவுக்குப் பெயர் பாக்கு. பாக்கு ஊரறியப் பெண் கேட்டு மணம் முடிக்கும் கற்பின் பொருள். புன்னைமுனையில் கால்வைத்துப் பாக்குத் தீவுக்குள் நுழைகிறவன், அகத்திணையின் முதற்பாதியிலிருந்து பிற்பாதிக்கு நடந்து போகிறான். இந்தப் பெயர்களை வைத்த மலாய் மீனவருக்கு நம் அகத்திணை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்முன் நின்ற மரத்தைப் பெயராகச் சொன்னார்கள், அவ்வளவே. தஞ்சோங் என்னும் அதே ஒலிக்கு மலாயில் ஒரு பூவின் பெயராகவும் வழக்கு உண்டு, அது நம் மகிழம்பூ, என்பதை இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். இதற்கு மேல் சேர்த்தால் நான் கட்டுவதாக நினைப்பீர்கள்.

மலாயரின் பாந்துன் என்னும் நாலடிச் செய்யுளில் முதல் இரண்டடி மரம், மீன், மழை என்று இயற்கையைச் சொல்லும். பின்னிரண்டடி நெஞ்சில் உள்ளதைச் சொல்லும். முன்னதற்குப் பெயர் பெம்பாயாங், நிழல் வீழ்த்துவது. பின்னதற்கு மக்சூட், கருத்து. உள்ளுறையும் இறைச்சியும் படித்தவருக்கு இந்த நிழல் வேலையை விளக்க வேண்டியதில்லை. அந்த நிழல்களில் எத்தனையோ கமுகு மரங்கள். நானும் இளமையில் தமிழில் சில பாந்துன்கள் எழுதிப் பார்த்தேன். நிழல் வந்தது, கருத்து வரவில்லை. புதுச்சொல் ஆக்குவதிலும் எனக்கு ஆசை மிகுதி. குழுக்களில் உட்கார்ந்து சொல்லாக்கியிருக்கிறேன். நாங்கள் ஆக்கிய சொற்களில் பல நாங்கள் எழுந்து போகுமுன்பே செத்துவிட்டன. யாரோ ஒரு மலாய்ப் பெரியவர், பெயர் அறியப்படாதவர், மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் அவசரத்தில் ஒரு மரத்தின் பெயரை வினையாக்கினார். அது வாழ்கிறது. ஒரு நாட்டுப் படையோடு வந்து சூட்டிய இளவரசர் பெயர் வாழவில்லை. படைப்பு என்ற சொல்லுக்கே நம் மொழியில் உணவு பரிமாறுதல் என்னும் பொருளும் உண்டு. அந்தப் பெரியவர் படைத்தவர், நான் சமையலறையில் பாத்திரம் உருட்டியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றும் லெபு பசாரில், நம்மவர் லிட்டில் இந்தியா என்று சொல்லும் அந்தத் தெருவில், பூக்கடைகளுக்கு நடுவே வெற்றிலை அடுக்கி விற்கிறார்கள். போன மாதம் அங்கே ஒரு மலாய் இளைஞர் தன் தாயோடு வந்து, விரலால் பாக்கைக் காட்டி "பினாங், மாக், பினாங்" என்றார். கடைக்கார அண்ணன் "கொட்டைப்பாக்கா, சீவலா?" என்று தமிழில் கேட்க, அந்தத் தாய் சிறிதும் தயங்காமல் முழுப்பாக்கை எடுத்துக்கொண்டார். முழுப்பாக்கு எதற்கென்று நான் கேட்கவில்லை; மகனின் முகத்திலேயே எழுதியிருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கமுகு, பாக்கு, அடைக்காய், சீவல், களிப்பாக்கு, கொட்டைப்பாக்கு என்று நான் அறிந்தவை இவ்வளவே. பினாங்கிலும் கெடாவிலும் பேராவிலும் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்கள் பாக்கின் பிஞ்சுக்கும் காய்க்கும் பழத்துக்கும், வெற்றிலைப் பெட்டியின் ஒவ்வொரு கிண்ணத்துக்கும், தட்டு மாற்றும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். அவற்றில் பாதி தமிழ், பாதி மலாய், சில இரண்டுமாய் இருக்கும். உங்கள் வீட்டில் கோபெக் இடித்த பாட்டி இன்னும் இருந்தால், இந்த வாரமே அருகில் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து கேட்டு எழுதி வையுங்கள்.